எண்பத்தோராவது ஆள்

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை, வெள்ளி இரவு.
எட்டே முக்கால் ரயில் பாணந்துறைப் பக்கம் போகையில்
மேசை ஒரு தரம் நடுங்கும்.
அந்நேரம் உருண்ட பகடை செல்லாது
என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

துவாரகனுக்குச் சட்டமும் தேவையில்லை.
இருபது முகத்தில் எது விழுந்தாலும்
கூட்டுவதற்குப் பன்னிரண்டு வைத்திருக்கிறான்.
அவனுடைய எரிமருதனுக்கு
இருநூற்றுப் பதினான்கு உயிர்ப்புள்ளி,
தீப்பிடிக்காத தோல்,
தேவையென்றால் சிறகு.

பகலில் பயந்தவன், இரவில் பழிதீர்க்கிறான்
என்று எழுதினால் எனக்குச் சுகம்.
அப்படியில்லை.
நல்ல வேலை. வீட்டிலும் சண்டையில்லை.
விதிநூலை முழுக்க வாசித்தவன், அவ்வளவுதான்.
நாங்கள் படம் பார்த்துப் புரட்டிய பக்கங்களில்
அவன் பென்சிலால் கோடிட்டிருக்கிறான்.

முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு தலை நாகத்துக்கு ஏழு தலை.
ஏழையும் ஒரே வீச்சில் சீவினான்.
இஃப்திகாரின் மந்திரவாதி வாய் திறக்குமுன்
சண்டை முடிந்தது;
கொத்துரொட்டியில் இன்னும் ஆவி பறந்தது.

பிறகு களவெடுத்தேன்.
காட்டுவழியில் கள்ளர் வந்து வாளைக் கொண்டுபோனார்கள்.
துவாரகன் வரைபடத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.
"அக்கா, இது கள்ளன் எடுத்ததில்ல. நீங்க எடுத்தது."
அடுத்த கிழமை ஒரு மீனின் வயிற்றில்
வாள் கிடைத்தது.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மெலனி இரண்டு வெள்ளி வரவில்லை.
கேட்டதற்கு ஒரு வரி அனுப்பினாள்:
நான் வந்தாலும் வராட்டியும் அவன் வெல்லுவான்தானே.

அதை வாசித்த இரவு
அரக்கர் பட்டியலை மூடிவைத்தேன்.

ஒரு நகரத்தின் வாசல் வரைந்தேன்.
வாசலில் ஒரு வரிசை, விளக்கெண்ணெய்க்கு.
ஆட்களுக்குப் பதிலாகக் கலன்கள் நிற்கின்றன,
கைப்பிடிகளில் ஒரே கயிறு ஓடுகிறது.
இதற்குக் கற்பனை தேவைப்படவில்லை.
அந்த வருஷம் ஹவ்லொக் வீதியில் நின்றவள் நான்.
கலனில் பெயர் எழுதிய மார்க்கர்
இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

மெலனியும் வந்திருந்தாள்.

"கதவ உடைக்கிறன்" என்றான்.
உடை. பகடை வேண்டாம், உடைந்துவிட்டது.
உள்ளே நாற்பது கலன் எண்ணெய்.
வெளியே தொண்ணூறு பேர்.
இப்போது எல்லோரும் உன்னைப் பார்க்கிறார்கள்.

"காவலர அடிக்கிறன்."
அவர்கள் சீருடையைக் கழற்றிவிட்டார்கள்.
அவர்களுடைய கலன்களும் வரிசையில்தான்.

தன் தாளைத் திருப்பினான். முன்பக்கம், பின்பக்கம்.
பலம் இருந்தது, வேகம் இருந்தது,
யார் முதலில் என்பதற்கு எண் இருக்கவில்லை.

பிள்ளைக்காரருக்கு முதலில் என்றான் இஃப்திகார்.
அப்ப தனியா இருக்கிறவள் இருட்டுக்குள்ளயா என்றாள் மெலனி.
பதினொன்றரை வரை சண்டை.
கீழ்வீட்டார் தும்புத்தடியால் கூரையைத் தட்டினார்கள்.
பகடை ஐந்தும் கிண்ணத்துக்குள் கிடந்தன.

கடைசியில் மெலனியின் கள்ளி,
இரண்டு உயிர்ப்புள்ளி மிச்சமுள்ளவள்,
அகப்பையை எடுத்தாள்.
ஆளுக்கு அரைக் கலன்.
"நான் தூக்குறன்" என்றான் துவாரகன்.
ஒவ்வொரு கலனுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டான்.

எண்பதில் எண்ணெய் முடிந்தது.
ஒரு சிரங்கை குறைத்து ஊற்றியிருந்தால்
எல்லோருக்கும் கண்டிருக்கும்.
அந்தக் கணக்கு எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

சிறகும் தீயும் உள்ளவன்
வெறுங்கையோடு நின்றதை
மேசையில் முதல்தடவை கண்டோம்.
"அக்கா, அந்த எண்பத்தோராவது ஆளுக்குப் பேர் என்ன?"

நான் பெயர் வைத்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளி ஒன்பது தலை நாகம் கேட்டான்.
கொடுத்தேன்.
எட்டைச் சீவிவிட்டு, பகடையைக் கைக்குள் வைத்தபடி,
திரும்பவும் அதையே கேட்டான்.
ரயில் போய்க்கொண்டிருந்தது.
போகட்டும் என்று காத்திருந்தோம்.